நியேலேவை யார் மடியில் உட்கார வைப்பது?

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, என் மடியில் ஊறியது. பமாக்கோ நகரத்துப் பச்சைப் பயணி வேன் ஒன்றில், பாலத்துக்கு நட்டநடுவில், என் புதுப் பாவாடைமேல் ஒரு குழந்தை உச்சா போனது. அன்றைக்கு உதித்த கதைதான் இது. கதைக்கு இதைவிடக் கௌரவமான பிறப்பு வேண்டுமே என்று சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பமாக்கோவின் காலை வெயில் ஆற்றின்மேல் விழுந்து —"

வேண்டாம். வெயில் தினமும்தான் விழுகிறது.

"குழந்தை வளர்ப்பு என்பது ஒரு சமூகத்தின் கூட்டுப் —"

ஐயோ சாமி. வானொலிக்குக் கதை எழுதிப் பிழைக்கிறவள் நான். இப்படித் தொடங்கினால் கேட்கிறவர்கள் பெட்டியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

"அக்கா, உங்க குலப் பேர் என்ன?" என்று அவள் கேட்டாள்.

இதுதான். இங்கிருந்து போகலாம்.

2

கேட்டவள் பெயர் தெனின். வேனில் எனக்கு எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை, காலடியில் ஒரு பை. பையிலிருந்து சீப்பும் பின்னல் முடிப் பொட்டலங்களும் கோடுபோட்ட பிளாஸ்டிக் கெண்டியின் மூக்கும் எட்டிப் பார்த்தன. வீடு வீடாகப் போய்த் தலை பின்னுகிறவள் என்று பார்த்ததும் தெரிந்தது. குழந்தை திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு முழங்கால் இரண்டையும் ஒட்டிக்கொண்டது.

"தம்பி, நிறுத்து!" என்று தெனின் கூரையைத் தட்டினாள்.

"பாலத்துமேல எங்கக்கா நிறுத்தறது? ஆத்துக்குள்ளயா?" என்றான் கதவில் தொங்கியவன்.

தெனின் பலகையில் இருந்த எங்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தாள், தக்காளி பொறுக்குகிற மாதிரி. பார்வை என்னிடம் நின்றது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

"த்ராவோரே" என்றேன்.

"அப்பாடா!" என்றாள். அடுத்த நொடி குழந்தை என் மடியில். "இவ ஜாரா வீட்டுப் பொண்ணுக்கா. பேரு நியேலே."

அதற்கப்புறம் மடியில் ஒரு வெதுவெதுப்பு.*

*(த்ராவோரேக்கும் ஜாராவுக்கும் கேலிமுறை. உங்கள் ஊர் மாமன் மச்சான் கேலியைக் குலம் முழுக்க நீட்டிக்கொள்ளுங்கள். முன்பின் பார்த்திராதவர்களானாலும் வாய்க்கு வந்தபடி ஏசலாம், பதிலுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். கோபப்பட மட்டும் யாருக்கும் உரிமை கிடையாது. 'காராமணி தின்னி' என்பது இதில் வழக்கமான ஏச்சு.)

"காராமணி தின்னிகளா! உங்க வம்சமே ஒழுகற சட்டிதாண்டி!" என்று கத்தினேன். வேன் முழுக்கச் சிரிப்பு.

"உங்க மடிக்கு இன்னிக்குத்தான்க்கா ஒரு மரியாதை கெடைச்சிருக்கு. ஆடாம உக்காருங்க" என்றாள் அவள், கெண்டியைத் திறந்துகொண்டே.

அவசரத்திலும் அவள் யோசித்ததை நினைத்துப் பார்த்தேன். பாலம் நீளம், குழந்தை தாங்காது, இறங்க முடியாது. அப்படியானால் கோபப்பட முடியாத ஒருத்தி மடி வேண்டும். அசந்துபோனேன். என் கதைகளில் ஒரு பாத்திரமும் இவ்வளவு வேகமாக யோசித்ததில்லை.

2 (மறுபடியும்)

மேலே உள்ள பகுதியைத் தெனினிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்குப் பிறகு என் தலையைப் பின்னுவது அவள்தான். முன்பு வேறு மாதிரி எழுதியிருந்தேன்: "களைத்த கண்களோடு அந்தத் தாய் —"

"யாரு களைச்சா?" என்று தலைமுடியைச் சுண்டி இழுத்தாள்.

"கதைக்கு ஒரு சோகம் வேணாமா?"

"அப்ப உன் தலைய எழுது, பாதி முடி கொட்டிப் போச்சு. அத விடச் சோகம் என்ன வேணும்?"

ஆகவே களைத்த கண்கள் போயின. இருப்பதை எழுதுகிறேன்.

டயப்பர் கட்டினால் நியேலேவுக்குத் தொடையெல்லாம் புண்ணாகிவிடும். வீட்டிலேயே உட்கார்ந்து பழக்கலாமென்றால் சோறு வெளியில் இருக்கிறது. புருஷன் கயேஸ் ஊர்ப் பாதையில் லாரி ஓட்டுகிறார். (இந்தக் கதைக்குள் அவர் வரமாட்டார். வண்டி எங்கோ பழுதாகி நிற்கிறதாம்.) அதனால் தெனின் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் போகிறாள், போகிற வழியிலேயே பழக்குகிறாள். முதுகில் உதைத்துக்கொண்டிருக்கிற கால் சட்டென்று நின்றுபோனால் அவளுக்குத் தெரியும். உடனே பக்கத்து வீட்டு வாசல். எந்த வீடானாலும் சரி. "சலாம்! வீட்ல எல்லாரும் சுகமா? பிள்ளைங்க சுகமா? நீங்க எந்தக் குலம்?" என்று ஆரம்பித்து, நலம் விசாரிப்பு முடிவதற்குள் முற்றம் தாண்டிக் கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் குழந்தையைப் பிடித்திருப்பாள். "உஸ்ஸ்ஸ்" என்பாள். முடித்ததும் கெண்டித் தண்ணீர், ஒரு கைதட்டல். திரும்பி வரும்போது அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்குத் தலை பின்ன அவளையே சொல்லியிருப்பார்கள்.

தலை பின்னப் போகிற வீட்டிலும் முதலில் முடியைத் தொடமாட்டாள். "குழி எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாதையில் கிடக்கிற வாளி, செருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் சீப்பை எடுப்பாள். பாதிப் பின்னலில் ஓட வேண்டி வந்தால் வாடிக்கைக்காரியின் விரலிலேயே பின்னல் நுனியைக் கொடுத்து, "பிடிச்சுக்க, விட்டா கோணலாயிடும், என்னச் சொல்லக் கூடாது" என்று போய்விடுவாள். எனக்கும் அப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உண்டு. பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு குறை மட்டும் உண்டு. அவசரம் வந்தால் நியேலே வாய் திறந்து சொல்ல மாட்டாள். காலை ஒட்டுவாள், முழிப்பாள், அவ்வளவுதான். அதைப் படிக்கத் தெரிந்தது அவள் அம்மாவுக்கு மட்டும்.

3

இனிமேல்தான் பிரச்சனை. நியேலேவின் அத்தை வொரோக்கியா, அதாவது தெனினின் பெரிய நாத்தனார், செகூ ஊரிலிருந்து வந்தார். வந்த அன்றைக்கே வாசற்படியில் ஈரம் மிதித்தார்.

"ரெண்டு வயசாகியும் இன்னுமா? தெருத் தெருவா தூக்கிட்டு அலைஞ்சா எப்படிப் பழகும்? எங்கூட அனுப்பு. நான் பழக்கித் தர்றேன்."

அத்தை கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கம் இங்கே கிடையாது. பழக்கத்துக்கென்று அத்தை வீட்டுக்குப் போன பிள்ளைகள் எப்போது திரும்புவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடமெல்லாம் முடித்து, அம்மாவை அடையாளம் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

முதல் வரைவில் வொரோக்கியாவைக் கொடுமைக்காரியாக எழுதியிருந்தேன். குரலைக் கரகரப்பாக்கி, ஒரு தங்கப்பல்லும் வைத்திருந்தேன்.

"பல்லப் பிடுங்கு. அவங்க கெட்டவங்க இல்லக்கா. அதுதான் கஷ்டமே" என்றாள் தெனின்.

அது உண்மை. பெற்ற பிள்ளைகள் எல்லாரும் கடல் தாண்டிப் போய்விட்டார்கள். செகூவில் பெரிய வீடு, அதில் பேச்சுச் சத்தம் இல்லை. நியேலேவைத் தூக்கும்போது அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். கொடுமைக்காரி முகம் அப்படி இளகாது.

கடைசியில் தெனின் ஒரு மாதிரி பேசி ஒரு வாக்கு வாங்கினாள். சொந்தத்தில் ஒரு பேர்சூட்டு விழா வருகிறது. அன்றைக்கு முழுக்க நியேலே காய்ந்த துணியோடு இருந்தால் அம்மாவோடு இருக்கலாம். நனைந்தால் அன்று மாலை பஸ்ஸிலேயே செகூ.

அன்று இரவே தெனின் என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, விழாவுக்கு வா."

"என்ன விசேஷமா என்னைக் கூப்பிடற?"

"உன்னை யாரு கூப்பிட்டா? உன் மடியத்தான் கூப்பிடறேன். அதுல நனைஞ்சா கேலியோட கேலியாப் போயிடும்."

4

விழாவை வர்ணிக்க எனக்கு ஆசை. (ஆடு, அரிசி, மேளக்காரியின் தொண்டை என்று இரண்டு பக்கம் எழுதி, கிழித்துவிட்டேன். உங்களுக்கு இப்போது வேண்டியது நியேலேவின் துணி காய்ந்திருக்கிறதா என்பதுதான்.)

காய்ந்திருந்தது. காலையிலிருந்து தெனின் வேலை செய்துகொண்டே அவளைக் குழிக்கும் முற்றத்துக்குமாக நடத்தினாள். சந்தேகமான நேரங்களில் குழந்தை என் மடிக்கு வந்துவிடும். "தா, காராமணி மூட்டை" என்று நான் வாங்கிக்கொள்வேன். எங்கள் கேலியில் சந்தேகம் யாருக்கும் வரவில்லை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது வொரோக்கியா வந்தார். உடம்பில் வான நீலத்தில் பசேன் துணி. கஞ்சி போட்டுக் கட்டையால் அடித்து மினுக்கிய துணி அது, நடந்தால் சரசரக்கும். "கொடு என் மருமகள" என்று குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் என்ன சொல்வது? அத்தையும் ஜாரா, குழந்தையும் ஜாரா. அங்கே கேலிக்கு இடமில்லை. நனைந்தால் நனைந்ததுதான்.

கொஞ்ச நேரத்தில் நியேலேவின் முழங்கால்கள் ஒட்டின.

நான் பார்த்தேன். முற்றத்தின் அந்தக் கோடியில் சோற்றுத் தாம்பாளத்தோடு நின்ற தெனினும் பார்த்தாள். ஓர் அடி எடுத்து வைத்தாள். நின்றுவிட்டாள்.

இங்கே "அவள் மகளை நம்பினாள்" என்று எழுதியிருந்தேன். படித்ததும் தெனினுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்பிக்கையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஓடிப்போய்ப் பிடுங்கினா, பொண்ணுக்கு இன்னும் வரலன்னு நானே தமுக்கு அடிச்ச மாதிரி. அதான் நின்னேன். அத எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

நீலத் துணியில் ஒரு வட்டம் கருத்தது, பெரிதானது. வொரோக்கியா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து தெனினைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை. அவர் கையில் புளிச்சம்பூச் சாறு இருந்தது, ரத்தச் சிவப்பு. ஒரு வாய் குடித்தார். பிறகு நிதானமாக மீதியைத் தன் மடியில் கவிழ்த்தார்.

"அய்யய்யோ! என் கையில தீய வைக்க! பாருங்கடி, பிள்ளையையும் சேத்து நனைச்சுட்டேன்!"

பெண்கள் ஓடிவந்தார்கள். "போச்சே பசேன்! இந்தச் சிவப்பு போகுமா?" என்று ஆளாளுக்குப் பதறினார்கள். போகாது. அது அவருக்கும் தெரியும்.

"துணி கெடக்குது. தெனின், பிள்ளைக்கு மாத்துத் துணி கொண்டா. காலையிலேர்ந்து அவ ஒரு சொட்டு விடல. என் மடிதான் சாட்சி."

நான் இத்தனை வருஷம் கதை எழுதுகிறேன். இப்படி ஒரு பொய்யை எந்தப் பாத்திரத்துக்கும் கொடுக்க எனக்குத் தோன்றியதே இல்லை. எழுந்து அந்த அம்மாள் காலைத் தொடலாம் போலிருந்தது.

5

கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தெனின் ஜெயித்தாள், அத்தை விட்டுக்கொடுத்தார், சுபம். வானொலிக்கு இது போதும்.

ஆனால் மாலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெனின் தானாகவே சொன்னாள்: "அண்ணி, பஸ் வரைக்கும் நீங்க தூக்கிக்கங்க." குழந்தையை அவர் முதுகில் வைத்துத் துணியைச் சுற்றி, மார்புக்கு மேல் முடிச்சும் அவளே போட்டாள். நியேலே அத்தை தோளில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். அவர் முன்னே நடந்தார். நாங்கள் இருவரும் பின்னே.

"இவ்வளவு செய்யறவங்ககிட்ட ஒரு மாசம் பிள்ளைய விட்டா என்னக்கா?" என்றாள் தெனின், மெதுவாக.

"கேட்டப்ப தர மனசில்லாமத்தானே வாக்கு வாங்கின?"

"கேட்டப்ப தரத் தோணல. இப்ப அவங்க கேக்கலயே." கொஞ்சம் நடந்த பிறகு, "ஒரு மாசம்னுதான் எல்லாரும் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். 

முடிவு ஒன்று: அத்தை முடிச்சை அவிழ்த்து, குழந்தையைக் கொடுத்து, தனியாக ஏறி —

முடிவு இரண்டு: தெனின் ஒன்றும் சொல்லாமல் நிற்க, பஸ் —

எழுதி முடிக்க முடியவில்லை. ஒன்றை எழுதும்போது அந்த அம்மாளின் வெறும் வீடு முன்னால் வருகிறது, மற்றதை எழுதும்போது தெனினின் வெறும் முதுகு. உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், கூட நின்றவள் நான். தெனின் சொல்லிவிட்டாள்: "அத மட்டும் எழுதாத. அது எனக்கும் அவங்களுக்கும் நடுவுல." சரி, அந்த இடம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன்.

6

"செகூ! செகூ! ஏறுறவங்க ஏறுங்க!"

வொரோக்கியா ஒரு காலைப் படியில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பவில்லை. தெனின் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எதுவும் தரவில்லை.

"பெரியம்மா, ஏறுறீங்களா இறங்குறீங்களா?" என்றான் பஸ்காரன்.

அந்தச் சத்தத்தில் நியேலே விழித்தாள். தூக்கக் கலக்கத்தில் சுற்றிப் பார்த்தாள். பிறகு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வாயைத் திறந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"உச்சா!"

"குழந்தைக்கு அவசரம்! வண்டிய எடுக்காத!" என்று ஜன்னல் ஜன்னலாகக் கத்தினார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். இரண்டு பெண்களின் கைகளும் ஒரே நேரத்தில் முடிச்சுக்குப் போயின. அத்தையின் விரல்மேல் அம்மாவின் விரல். இரண்டு பேருமே ஒரு கணம் அசையவில்லை.

முடிச்சை அவிழ்த்துக் குழந்தையை எடுப்பது யார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள். அவள் ரொம்ப நேரம் தாங்கமாட்டாள்.