நூறு கிலோவுக்கு நூற்றுப்பத்து

மூன்றாம் வருடம் முடித்த கையோடு அவளுக்கு அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எட்டு வாரப் பயிற்சி கிடைத்தது. வகுப்பில் எத்தனையோ பேர் விண்ணப்பித்து ஒருத்திக்குத்தான் கிடைத்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிக்கிறவர் அவர். பக்கத்துக் கயிற்றில் தொங்கிய ஆளிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

அங்கே நடந்த ஆராய்ச்சியும் அப்பா மாதிரி ஆட்களுக்கானதுதான். உயரத்தில் வேலை செய்பவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டுக்குப் புது விதமான தையல். தைத்த துண்டை ஓர் இரும்பு இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும்வரை இழுப்பார்கள். எத்தனை கிலோவில் அறுந்தது என்று திரையில் எண் வரும். ஆயிரத்து நானூறைத் தாண்டினால் தேர்ச்சி. அதைக் குறித்துக்கொண்டு அடுத்த துண்டு. நாள் முழுக்க இதே கதைதான்.

அந்தத் தையல், கூடத்தை நடத்தும் பேராசிரியரின் கீழ் ஓர் ஆராய்ச்சி மாணவியின் ஐந்து வருட உழைப்பு. எல்லோருக்கும் அவள் அக்கா. முதல் நாளே இவளைப் பார்த்துச் சிரித்து, "வா வா, சுண்டெலி. அந்த மிஷினைக் கண்டு பயப்படாத. அது கத்தும், கடிக்காது," என்றாள். அன்றிலிருந்து இவள் பெயரே சுண்டெலி ஆகிவிட்டது. மதியம் தன் டப்பாவில் பாதியை இவள் பக்கம் தள்ளிவிடுவாள். கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ள மாட்டாள். வீட்டில் அவளுக்கு நான்கு வயது மகன். அவன் பிறந்த பத்தாவது வாரமே ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தவள் அவள்.

ஐந்தாவது வாரம் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது துணி சுற்றிய ஐந்து எடைக்கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் இருபது கிலோ. விளையாட்டாகத்தான் அவற்றை இயந்திரத்தின் கொக்கியில் மாட்டினாள். திரை நூற்றுப்பத்து என்றது. கழற்றினாள், திரையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள், மறுபடி மாட்டினாள். நூற்றுப்பத்து. நான்கு கல்லுக்கு எண்பத்தெட்டு. மூன்றுக்கு அறுபத்தாறு. எடையை அளக்கும் லோட் செல் எப்போதோ தடம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் ஆயிரத்து ஐந்நூறு கிலோ தாங்கியதாகக் குறித்த பெல்ட் அவ்வளவு தாங்கவில்லை. தேர்ச்சி என்று எழுதிய பாதி துண்டுகள் தேர்ச்சியே இல்லை.

அக்காவிடம் காட்டினாள். அக்கா தானே ஒரு தடவை கற்களை மாட்டிப் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இன்னும் மூணு வாரத்துல தீசிஸ் குடுக்கணும்டி," என்றாள். "குடுத்துடறேன். அப்புறம் நானே எல்லாத்தையும் திரும்ப டெஸ்ட் பண்ணித் திருத்தறேன். என் பையன் மேல சத்தியமா. அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

சுண்டெலி தலையாட்டினாள். ஆனால் நான்கு நாள் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்குப் போன் செய்தாள். முழுக்கக் கேட்ட அவர், "நான் தொங்கற பெல்ட்டைப் பத்தி நீ கவலைப்படாதம்மா. இத்தனை வருஷம் விழாமத்தானே இருக்கேன்? அந்த சார்கிட்ட நல்ல பேரு வாங்கிட்டு வா, போதும்," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். கேட்டவளுக்கு உடம்பே கூசியது.

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனாள்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெரி குட். ஒரு பக்கத்துல எழுதிக் குடு," என்றார். எழுதிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எல்லோர் முன்னாலும் படித்தார். படித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"கருவி சரியா இருக்கான்னு பாக்கறது ஆராய்ச்சி பண்றவங்க கடமை. நேத்து வந்த பொண்ணு கண்டுபிடிச்சிருக்கு. கடைசியா இதைச் சரிபார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு. இத்தனை நாளா நீங்க கண்ணை மூடிக்கிட்டா இருந்தீங்க?"

அந்த இரண்டு வருடச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முடிவானது. கைதட்டச் சொல்லி இவளை எழுந்து நிற்கவைத்தார் பேராசிரியர். பயிற்சி மாணவர்களில் சிறந்தவள் என்று தானே கடிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். எழுந்து நின்றவளுக்கு அந்தக் கைதட்டல் கன்னத்தில் அறை விழுந்தது போல் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் இயந்திரங்களைப் பராமரிக்கும் ஃபோர்மேன் அவளைப் பட்டறை மூலைக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லம்மா. லோட் செல்லை அளவு சரிபார்க்க அனுப்பணும்னு ரெண்டு தடவை நான் சாருக்கு எழுதிக் குடுத்தேன். ஒரு மாசம் மிஷின் நிக்கும், அப்புறம் பார்க்கலாம்னு அவர்தான் தள்ளிப்போட்டார். அக்காவுக்கு அது தெரியவே தெரியாது."

"அந்தக் கடிதம் இருக்கா அண்ணே?"

"இருக்கு," என்றவர் சட்டென்று சுற்றும்முற்றும் பார்த்தார். "என்னை மாட்டிவிட்டுடாத தாயி. ரிட்டயராக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

பயிற்சியின் கடைசி வாரம், தன் வேலையைப் பற்றி அவள் பேச வேண்டிய நாள். பத்து நிமிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பிறகு, "லோட் செல்லை அளவு சரிபார்க்கச் சொல்லி ரெண்டு கடிதம் போயிருக்கு சார். உங்களுக்குத்தான்," என்றாள்.

பேராசிரியர் சிரித்தார். "அப்படியா? யார் எழுதினாங்க?"

அவள் பெயரைச் சொல்லவில்லை. கண்தான் காட்டிக்கொடுத்தது. எல்லோரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க சார்."

"சரி, அடுத்த ஆள் வரலாம்," என்றார் பேராசிரியர்.

அன்று மாலையே அவளுடைய சான்றிதழ் வந்தது. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை பயிற்சிக்கு வந்தார் என்று ஒரே வரி. பேராசிரியர் எழுதித் தருவதாகச் சொன்ன கடிதம் வரவில்லை.

ஆய்வகத்தில் அக்கா மட்டும் இருந்தாள். புது லோட் செல் பொருத்தியாகிவிட்டது. முதல் துண்டைக் கிளிப்பில் மாட்டிக்கொண்டிருந்தாள். சுண்டெலி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் உங்களுக்காகத்தான்..."

"தெரியும்." அக்கா திரும்பவில்லை. "நீ முதல்ல சார்கிட்ட சொன்னதும் சரிதான், இன்னிக்குச் சொன்னதும் சரிதான். அதனாலதான் உன்னைத் திட்டக்கூட முடியல. ஒரு தப்பு பண்ணியிருந்தீன்னா நல்லா நாலு வார்த்தை திட்டிட்டுப் பையனைக் கூட்டிட்டு வரப் போயிருப்பேன்."

துண்டு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஒற்றைக் கையால் நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை.

"அந்த முனையைப் புடி," என்றாள்.

சுண்டெலி வந்து பிடித்தாள். அக்கா திருகை இறுக்கினாள். இயந்திரம் இழுக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் இந்த நேரத்தில் எத்தனையில் அறும் என்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். இன்று இருவரும் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆயிரத்து முந்நூற்று நாற்பதில் துண்டு படீரென்று அறுந்தது. அக்கா பேனாவை எடுத்துப் புது நோட்டின் முதல் வரியில் அந்த எண்ணை எழுதினாள். பக்கத்தில், தேர்ச்சி இல்லை.