பன்னிரண்டாவது போல்ட்

வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது. முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன். ஆனாலும் ஒரே ஒரு பொய்யைப் பதினாலு மாதம் கட்டிக் காப்பாற்றினார். பழைய காரின் போல்ட்டைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும் என்பதுதான் அந்தப் பொய்.

கார் அவரைவிட நாலே வயது இளையது. அதன் உடம்பைத் தூக்கி அடிச்சட்டத்தைச் சீர் செய்ய வேண்டுமானால் பன்னிரண்டு போல்ட்டுகளைக் கழற்றியாக வேண்டும். போல்ட்டின் தலை காருக்குள்ளே, நட்டு காருக்கு அடியில். துரு இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தது. எண்ணெய் விட்டு நாள்கணக்கில் ஊறப்போட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் ஒரு நூலளவு இறுக்கிப் பிறகுதான் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் போல்ட் முறிந்து மானத்தை வாங்கிவிடும். துரு விட்டுக்கொடுத்த பிறகு இன்னொரு தொல்லை. நட்டைத் திருப்பினால் தலையும் கூடவே சுற்றும்.

முதல் போல்ட் அப்படிச் சுற்றியபோது, ஆள் இல்லாமலே தலையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் பூட்டுப் பிளையர் கைக்கு அகப்படவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அவள் முதுகுவலிக்குத் தலையணையைப் போட்டு உள்ளே உட்கார்ந்து ஸ்பேனரால் பிடித்தாள். பிடித்த கையோடு பேசவும் ஆரம்பித்தாள்.

"கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்துல இன்னைக்குத்தான் நான் பேசறதை முழுசா கேட்டிருக்கீங்க."

"எழுந்து ஓட முடியலையே," என்றார் கீழே படுத்திருந்தவர்.

இருவரும் சிரித்த சிரிப்பில் கார் குலுங்கியது. மறுநாளே பிளையர் கிடைத்துவிட்டது. வாத்தியார் அதைப் பழந்துணியில் சுற்றிக் கருவிப் பெட்டியின் அடியில் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மனைவியைக் கூப்பிட்டார்.

"பிடிச்சியா?"

"பிடிச்சாச்சு, திருப்புங்க."

பதினோரு போல்ட் இப்படியே கழன்றது. பிறகு அவளுக்கு வயிற்றுவலி வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வரவில்லை.

நாலு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் காருக்கு அடியில் போய்ப் படுக்கிறார். துரு எப்போதோ விட்டுவிட்டது. திருப்பினால் போல்ட் சும்மா சுற்றுகிறது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார். பிளையரை மட்டும் தொடுவதில்லை. அதை எடுத்து மாட்டினால், அவள் அங்கே தேவையே இல்லை என்று தன் கையாலேயே நிரூபித்த மாதிரி ஆகிவிடும். போனில் கேட்கும் மகளிடம், "இன்னும் இறுகித்தான் இருக்கு," என்பார்.

அந்த ஞாயிறு மகள் நேரில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு முடிச்சிடலாம்பா."

"சரிம்மா. நீ உள்ள ஏறித் தலையைப் பிடி."

அவள் காரில் ஏறவில்லை. நேராகக் கருவிப் பெட்டிக்குப் போனாள். அடியில் கையைவிட்டுப் பழந்துணியைப் பிரித்துப் பிளையரை எடுத்தாள். வாத்தியாருக்கு முகம் செத்துப்போயிற்று.

"அது பிடிக்காதும்மா. ஸ்பிரிங் போயிடுச்சு."

"அம்மா சொல்லிட்டாங்கப்பா. கடைசியில, ஆஸ்பத்திரியில. 'இன்னும் ஒரு போல்ட் பாக்கி. உங்கப்பா தனியாக் கிடந்து கஷ்டப்படுவாரு. பெட்டி அடியில பிளையரை ஒளிச்சு வெச்சிருக்காரு, எடுத்துக் கையில குடு'ன்னாங்க."

"அவளுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது வாரமே பார்த்துட்டாங்களாம்."

வாத்தியார் காரின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "தெரிஞ்சுமா வந்து உக்காந்தா? அந்த முதுகுவலியோட?" கேட்டு முடிப்பதற்குள் அழுகை வந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவரே உள்ளே ஏறிப் பிளையரை மாட்டினார். பல் கவ்வியது. இறங்கிக் காருக்கு அடியில் போய்ப் படுத்தார். பழக்கதோஷத்தில், "பிடிச்சியா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். மகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திருப்பினார். நட்டு வழுக்கிக்கொண்டு இறங்கி அவர் நெஞ்சின் மேல் விழுந்தது. துரு விட்டபின் ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷ வேலை. பதினோரு போல்ட்டை அவர்கள் இருவரும் பதினாலு மாதம் இழுத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாம்.