குளிருதா என்று கேட்கும் மகன்

"அம்மா, இன்னும் குளிருதா உனக்கு?"

சிமியூனி முதன்முதலாக என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்கு ஐந்து வயது, அவருக்கு நாற்பது. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எங்கள் வீட்டு வாசலில் மண்டியிட்டுக் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் "கொஞ்சம்" என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்பார். நானும் கொஞ்சம் என்பேன்.

அவருடைய அம்மாவின் பெயர் கில்லாக். என் பெயரும் அதுதான். இறந்தவர் பெயர் ஒரு குழந்தைக்கு வந்தால் ஆளும் வந்தாயிற்று என்பது வடதுருவக் கடலோரத்தில் வாழும் எங்கள் வழக்கம். ஆகவே அவர் எனக்கு மகன். தலைநகரில் இருக்கும் அவர் மனைவி, மருமகள் என்ற முறையில், வருடா வருடம் எனக்குக் காலுறை பின்னி அனுப்புவாள்.

அந்தக் கில்லாக் கடலில் போனவள். சிமியூனிக்கு அப்போது பதினொரு வயது. அம்மாவும் மகனும் தீவில் வாத்து முட்டை பொறுக்கிவிட்டுத் திரும்பும்போது, கரைக்குப் பக்கத்தில் அலை படகைக் கவிழ்த்தது. அம்மா அவனைக் கவிழ்ந்த படகின்மேல் தூக்கிவிட்டுத் தான் மூழ்கிப்போனாள். ஒவ்வொரு தேர்தல் கூட்டத்திலும் சிமியூனி இதைச் சொல்வார். ஊருக்கே மனப்பாடம்.

அவள் பெயரை எந்தக் குழந்தைக்கும் வைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. நான் பிறந்த அன்று அறைக்குள் யாரோ ஈரக்காலோடு நடந்தார்களாம். செவிலி இரண்டு முறை தரையைத் துடைத்தாளாம். அதற்குப் பிறகு அம்மா வேறு பெயர் யோசிக்கவில்லை.

சிமியூனி எங்கள் சட்டமன்ற உறுப்பினர். மூன்று ஊருக்கு ஒருவர். இக்பிக்கில் தொள்ளாயிரம் பேர், அக்குடாக்கில் ஐந்நூறு, எங்கள் நூவுக்கில் இருநூற்றுப் பன்னிரண்டு. போன அக்டோபரில் கரையேறும்போது அப்பாவின் படகு கவிழ்ந்தது. அப்பாவுக்குக் கால் முறிந்தது. கூடப் போன இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. கல் கொட்டி அலையை மறிக்கிற தூண்டில் வளைவு ஒன்று இருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வருடம் அரசாங்கம் ஒன்று தருகிறேன் என்றது. மூன்று ஊருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. எந்த ஊருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவர் சிமியூனி. அதற்கு முன்னால் அம்மாவை, அதாவது என்னை, கேட்க வருகிறாராம்.

விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டுக்குக் காரிபூ மான் இறைச்சியும் உலர்ந்த மீனும் வந்து குவிந்தன. வகுப்பில் வாய் திறக்க முடியாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இப்போது ஊருக்கே என் வாய் வேண்டியிருந்தது.

அவர் வரும் நாள் காலையில் ஊர் வானொலியை நடத்தும் லூக்காசி அதில் பேசினான். "கில்லாக் ஆத்தாவுக்கு ஒரு வேண்டுகோள். உன் மகன் மத்தியானம் வர்றாரு. டீச்சர் கேட்டப்பதான் வாயத் திறக்கல, இன்னைக்காவது திறந்து 'குளிருது'ன்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி. பல்லும் தந்தியடிச்சா உனக்குப் புண்ணியமாப் போகும்."

"கேட்டியாடி?" என்றாள் அம்மா. "எங்க, நடுங்கிக் காட்டு பாப்போம்."

நடுங்கிக் காட்டினேன்.

"நனைஞ்ச நாய் உதர்ற மாதிரி இருக்கு," என்று கட்டிலில் இருந்தபடி அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையில் எனக்கு ஒருநாளும் அப்படிக் குளிர்ந்ததில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த மனுஷனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இக்பிக்கிலும் போன வருடம் நான்கு பேர் போனார்கள். அதிலே ஒரு பெண் என் வயசு. ஒரு பொய்யை வைத்து அவர்களுடைய கல்லை நம் கரையில் கொட்ட வைப்பதா என்று மூன்று நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மத்தியானம் மூடுபனியில் சிமியூனி வந்தார். விமானம் ஒரு மணி நேரம்தான் நிற்கும். மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தாளை விரித்துவிட்டு என் அம்மாவைப் பார்த்தார்.

"லீத்தியா, அம்மாகிட்ட கொஞ்சம் தனியாப் பேசணும்."

"பேசுங்கண்ணே. எனக்குக் காது கேக்காது," என்று அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இக்பிக்குல அறுபத்தஞ்சு படகு. இங்க பதினாலு. நியாயம்னு பாத்தா அங்கதான் போகணும். ஆனா நீ போனது இந்தக் கரையில. உன்னக் குளிர்ல விட்டுட்டு வேற ஊர்ல கல்லு கொட்ட எனக்கு மனசு வரலம்மா. மூணு மணிக்குள்ள அனுப்பணும். சொல்லு. இன்னும் குளிருதா?"

"இல்ல, மகனே," என்றேன். "குளிரல."

அடுப்பங்கரையில் கரண்டி விழுந்தது.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவர் முகம் குழந்தை முகம்போல ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா," என்று பேனாவை எடுத்தார். இக்பிக் என்பதன் முதல் எழுத்தை எழுதினார்.

அப்போது என் வலது கை போய் அவர் சட்டையின் கையைப் பிடித்தது.

நான் பிடிக்க நினைக்கவில்லை. விட நினைத்தேன், விரல்கள் கேட்கவில்லை. நாள் முழுக்கத் துணி துவைத்ததுபோல நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. என் முழங்கைக்குக் கீழே மேஜை ஈரமாக இருந்தது.

"தண்ணியிலருந்து உன் சட்டைய நல்லாத்தான் புடிச்சிருந்தேன்," என்றது என் வாய். குரல் என்னுடையதுதான். "நீதான் பிரிச்சு விட்ட. சுண்டு விரல்ல ஆரம்பிச்சு, ஒண்ணொண்ணா."

அம்மா திரும்பினாள். கட்டிலில் அப்பா வானொலியை நிறுத்தினார்.

சிமியூனி என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இடது கை மெல்ல வந்து என் சுண்டு விரல்மேல் நின்றது. நகத்தடியில் அவர் விரல் நுழைவது தெரிந்தது. அவர் நெம்பவில்லை. கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஓடுதளத்தில் விமானத்தின் இன்ஜின் உறுமத் தொடங்கியது. அவர் அசையவில்லை. பிறகு என் விரல்கள் தானாகத் தளர்ந்தன. அவர் சட்டையில் ஐந்து ஈரத் தடங்கள் இருந்தன.

எழுதிய எழுத்தை அடித்தார். பக்கத்தில் நூவுக் என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்தது.

அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணே!" என்றாள். பிறகு, "டீ... ஒரு வாய் டீயாவது குடிச்சிட்டுப் போங்கண்ணே," என்றாள்.

நான் அவரைப் பார்த்து, அதை நான் சொல்லவில்லை என்று சொல்லப் பார்த்தேன். அது பொய்யா உண்மையா என்று எனக்கே தெரியாததால் நாக்கு எழவில்லை.

சிமியூனி தாளை மடித்து உள்பையில் வைத்தார். பூட்ஸில் காலை நுழைத்தார், வாரைக் கட்டவில்லை. கதவைத் திறந்ததும் மூடுபனி தரையோடு உள்ளே வந்தது. அதற்குள் இறங்கிப் போனார்.