வெளிச்சத்துக்கு முதுகு

ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் அலுமிதா கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காலை வேலை முடிந்து மீன் ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்தவள், எலுமிச்சைத் தோலால் விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவியும் சூரை மீன் வாசம் போகவில்லை. கேமராவுக்கு மூக்கு கிடையாது என்பதுதான் ஒரே ஆறுதல். நீலப் பூப்போட்ட புது அங்கி உடுத்தி, காதோரம் சிவப்புச் செம்பருத்தி செருகியிருந்தாள்.

கேமராக்காரி வசிதி நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளச் சொன்னாள்.

"இப்ப எப்படித் தெரியறேன்?"

"தெரியவே மாட்டே. வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்குல்ல, கறுப்பா உருவம் மட்டும்தான் விழும்."

"அப்ப எதுக்குடி இந்த அங்கிக்கு இஸ்திரி போட்டேன்? சாக்கைச் சுத்திக்கிட்டு வந்திருப்பேனே."

"சாக்கே உங்க தீவுக்காரங்களுக்கு அதிகம்தான்."

வசிதியின் தீவுக்கும் அலுமிதாவின் தீவுக்கும் பரம்பரையாகக் கேலி முறை. ஒருத்தி சீண்டினால் மற்றவள் திருப்பிச் சீண்டியாக வேண்டும். கோபித்துக்கொண்டாலோ வாயடைத்துப் போனாலோ தோற்றதாகக் கணக்கு. படம் எடுக்க வசிதி இந்த லெவுகா ஊருக்குப் படகில் வந்து இறங்கிய அன்றே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பிறகு இருவருக்கும் வாய் ஓயவில்லை.

இந்த ஆவணப்படத்தை இயக்கும் ரோஷ்னி, காதில் ஒலிக்கருவியை மாட்டியபடி மெதுவாகச் சொன்னாள். "பிள்ளை யார்கிட்ட இருக்கணும்கிற வழக்கு முடியற வரைக்கும் உங்க முகம் வெளிய வரக்கூடாதுன்னு வக்கீல் சொல்லிட்டாருக்கா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு."

அலுமிதாவுக்கு அது தெரியும். ஆனாலும் ஆசை விடவில்லை. கணவன் அபிசாயை விட்டு அவள் வெளியேறியபோது ஊர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: தேவாலயப் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கிறவனா இப்படிச் செய்வான்? தன் முகத்தைப் பார்த்தாலாவது நம்புவார்கள் என்று நினைத்திருந்தாள். நம்பினால் போதும், வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வசிதி கைகளை மட்டும் கிட்டத்தில் எடுத்தாள். புறங்கை முழுக்கத் தழும்புகள்.

"இது ஆலைக் கத்தி. இதுவும் கத்தி. இது அபிசாய்." அலுமிதா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். "இது மறுபடி கத்தி. செய்யாததுக்கெல்லாம் அவன்மேல பழி போடக்கூடாது பாரு."

வசிதி சிரித்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும், கொஞ்ச நேரம் எல்லாரும் அசையாமல் இருக்க வேண்டும் என்றாள் ரோஷ்னி. யாரும் பேசாத அறையின் சத்தம் வேண்டுமாம், வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளில் நிரப்ப. மூவரும் சும்மா இருந்தார்கள். மின்விசிறி கிறீச்சிட்டது. கூரைத் தகரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

வெளியே கல்படியில் கனமான காலடிச் சத்தம் ஏறி வந்தது.

அலுமிதாவின் விரல்கள் அங்கியைச் சுருட்டிப் பிடித்தன. தோள்கள் காதுவரை உயர்ந்தன. காலடி வாசலைக் கடந்து மேல்வீட்டுக்குப் போனது. அப்புறமும் விரல்கள் உடனே பிரியவில்லை.

ரோஷ்னி ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டுத் தரையையே பார்த்தாள்.

"கேமரா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு," என்றாள் வசிதி. "வேணாம்னா சொல்லு, அழிச்சிடறேன்."

"எதை? நான் ஒண்ணும் பண்ணலையே, சும்மாதானே உக்கார்ந்திருந்தேன்."

வசிதி அதை ஓட்டிக் காட்டினாள். அலுமிதா தன் கைகளை யாரோ ஒருத்தியின் கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"இருக்கட்டும். நான் சொன்னா நம்பமாட்டாங்க. கை சொன்னாலாவது நம்பட்டும்."

படத்தைத் தொகுத்ததும், ஊருக்குப் போட்டுக் காட்டுமுன் அவளுக்குக் காட்ட இருவரும் திரும்பி வந்தார்கள். அலுமிதா மரவள்ளி அவித்து, தேநீர் போட்டு வைத்திருந்தாள். மடிக்கணினியைப் பெட்டிமேல் வைத்தார்கள். முதலில் கடல், ஆலை, பிறகு ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயம். ஊரைக் காட்டுவதற்காக முதல் வாரத்தில், யாரையும் தெரியாத நேரத்தில், வசிதி எடுத்தது.

அலுமிதா வாயில் போட்ட மரவள்ளியை மெல்லவில்லை.

"முன்வரிசையில, வெள்ளைச் சட்டை. அதுதான் அபிசாய்."

ரோஷ்னி முகத்தில் ஈயாடவில்லை. படத்தை நிறுத்தினாள். "இதை எடுத்துடணும்க்கா. இவன் முகத்துக்கு அடுத்து உங்க கதை வந்தா, என் பேரைக் கெடுத்துட்டாங்கன்னு வழக்கு போடுவான். அவன்கிட்ட சம்மதமும் வாங்கலை."

"அவன்கிட்ட சம்மதம் வாங்கணுமா?"

ரோஷ்னி மடிக்கணினியின் ஓரத்தை விரலால் தேய்த்தாள்.

"சரி, எடுத்துடு. அதுக்கு முன்னாடி இன்னொரு தடவை ஓட்டு."

மறுபடி ஓடியது. காலை வெயில் கதவு வழியாக அபிசாய்மேல் நேராக விழுந்திருந்தது. கண்ணை மூடி, வாய்விட்டுப் பாடினான். கஞ்சி போட்ட காலரின் மடிப்புகூடத் தெரிந்தது.

"பாத்தியாடி," என்றாள் அலுமிதா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க தீவுக்காரி கையில அவன் எவ்வளவு அழகா விழுந்திருக்கான்."

முறைப்படி வசிதி இதற்குத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வாய் வரவில்லை.

திரையில் ஜன்னல் வந்தது. அதன் முன்னால் ஒரு கறுத்த உருவம் பேசத் தொடங்கியது. காதோரம் இருந்த செம்பருத்தியும் கறுப்பாக இருந்தது.