ஒரே அலையில் இரண்டு குரல்

மொட்டை மாடியில் ஒற்றைக் காலை ஊன்றி ஆன்டெனாவைத் திருப்புகிறவனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை. அந்தக் கொக்கு, ஆய்வுக்கூடத் தலைவியம்மாவின் மகளைப் போன மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டதுதான் வியப்பு. கட்டடத்தில் தலைவியம்மாவைத் தவிர எல்லோருக்கும் தெரியும், லிஃப்ட்காரருக்குக்கூட.

"கருவி மொதல்ல வேலை செய்யட்டும். அம்மா சிரிச்ச மூஞ்சியா இருக்கிறப்ப நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் திறந்து கெடுத்துடாத," என்று மகள் எச்சரித்திருந்தாள்.

கருவியோ ஆறு மாதமாகச் சண்டித்தனம் செய்தது. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அது பேசவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். அது கைகூடினால் இருக்கிற அலைவரிசையிலேயே இரண்டு மடங்கு பேச்சு போகும். ஆனால் தன் கூச்சலில் அடுத்தவர் முணுமுணுப்பு காதில் விழாத குணம் மனிதருக்கு மட்டுமா உண்டு? தன் குரலைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கேட்கும் பக்குவம் ரேடியோவுக்கு வரவே இல்லை. கீழே தலைவியம்மா பேசும்போது மேலே கொக்கும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது சோதனை விதி. ஆரம்பத்தில் எண்களைத்தான் சொன்னான். எப்படியும் கேட்கப்போவதில்லை என்று ஆனபிறகு, மனசில் இருப்பதைச் சொல்லப் பழகிவிட்டான்.

அன்று காலையும் தலைவியம்மா கீழிருந்து எண்களை வாசித்தார். "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு..."

"வாசிங்க அத்தை, நல்லா வாசிங்க," என்றான் கொக்கு, திருகாணியை முறுக்கியபடி. "உங்க பொண்ணும் நானும் பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு மாசம் ஒண்ணாச்சு."

"நாப்பத்திமூ..."

குரல் நின்றது. ஆறு மாதத்தில் முதல்முறையாகக் காதில் இரைச்சலே இல்லை. கீழே யாரோ இருமலை விழுங்கியதுகூடத் துல்லியமாகக் கேட்டது. கொக்கு ஆன்டெனாவின் கம்பியைக் கட்டிக்கொண்டான்.

"திரும்பச் சொல்லு."

"எண்பது மேடம், எண்பத்தொண்ணு..."

"அது இல்ல. முன்னாடி சொன்னதையே சொல்லு. ஒரு தடவைன்னா தற்செயல்னுடுவாங்க."

அவர் நாற்பத்துநான்கிலிருந்து வாசித்தார். அந்த வாசிப்புக்கு மேலேயே அவன் கல்யாணத்தை மறுபடி சொன்னான். நாற்பத்தொன்பதில் அவர் குரல் உடைந்தது. எண் மட்டும் தவறவில்லை.

இறங்கி வந்தபோது ஆய்வுக்கூடமே மீட்டர்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை சிரத்தையை அங்கே யாரும் கண்டதில்லை. தலைவியம்மா சோதனைத் தாளை நீட்டினார். 'கேட்ட வாசகம்' என்ற கட்டத்தில் அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் இருந்தது.

"கையெழுத்துப் போடு."

போட்டான்.

"பதிவு ஆபீஸ்ல சாட்சிக்கு என்னைக் கூப்பிடணும்னு உங்க ரெண்டு பேருக்கும் தோணல," என்றவர், பேனாவை அவனிடமிருந்து பிடுங்கி, சாட்சி என்ற இடத்தில் தாள் கிழிகிற மாதிரி அழுத்தித் தன் பெயரை எழுதினார்.