கீழே இறங்க நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை காலை குடியிருப்புச் சங்கச் செயலாளர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரக்கூட மனமில்லாமல் நின்றுகொண்டிருந்தார். கீழே, தோட்டத்தை ஒட்டிய ஹாலில் பொதுக்கூட்டம் கூடியிருந்தது. ஒரே ஒரு உரிமையாளர் குறைவதால் ஆரம்பிக்க முடியவில்லை என்றார். ஏற்கெனவே இரண்டு முறை ஆள் சேராமல் தள்ளிப்போன கூட்டம். அந்த ஒரு ஆள் என் மனைவி. வீடு அவள் பேரில் இருக்கிறது. நான் அவள் வீட்டில் குடியிருக்கிறவன், அவ்வளவுதான்.

"டீச்சர் ஒரு பத்து நிமிஷம் வந்தா போதும் சார். உங்க விஷயத்தையே முதல்ல எடுத்துடறேன்."

எங்கள் விஷயம் ஐந்து படி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, கேமரா இருக்கிறது. ஆனால் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் மண்ணைத் தொடுவதற்கு ஐந்து படி இறங்க வேண்டும். கட்டியவன் எதற்காகத் தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் தூக்கிவைத்தானோ தெரியாது. நன்றாக நடக்கிறவர்களுக்கு அவை கண்ணிலேயே படாது. என் மனைவியும் கையில் இரண்டு பையோடு அவற்றைத் தாவி ஏறியவள்தான். முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவள் கால்களுக்கு உணர்வு உண்டு, பலம் இல்லை. சக்கர நாற்காலியை அவளே ஓட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கி அந்தப் படி விளிம்புவரை வருவாள். எதிரே தோட்டம், மரத்தடியில் சிமென்ட் பெஞ்சு, அதற்கப்பால் கேட், தெரு. பார்த்துவிட்டுத் திரும்பி மேலே வந்துவிடுவாள். இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு டீச்சராக வெயிலில் நின்றவள். குடியிருப்பில் அவளுக்கு விசில் டீச்சர் என்றுதான் பெயர்.

படியோரத்தில் ஒரு சரிவுப்பாதை. எங்கள் கோரிக்கை அவ்வளவுதான். யாரும் தூக்காமல், யாரையும் கூப்பிடாமல், நினைத்த நேரத்தில் அவளாகவே கீழே போய் வர வேண்டும். அவளைத் தூக்கி இறக்க எனக்குத் தெம்பில்லை, மூக்குக்கண்ணாடிக் கடையில் குனிந்தே உட்கார்ந்து என் தோள் எப்போதோ போய்விட்டது. ஆள் வைத்துத் தூக்கச் சொல்லலாமா என்று ஒரு நாள் கேட்டுத் தொலைத்தேன்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாள் இருக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சங்கத்தைத் திட்டித் தீர்க்கலாம் என்றால் அதற்கும் வாய் வருவதில்லை. அவள் மயங்கி விழுந்த அன்று தன் காரை எடுத்தவர் இதே செயலாளர். பின்சீட்டில் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தவர் இரண்டாம் மாடி பல் டாக்டர். கரண்ட் போனால் அடுத்த மூச்சில் ஜெனரேட்டர் உறுமும், அவளுடைய காற்றுப் படுக்கை இறங்காது. அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும்போது எங்கள் குழாய் ஒரு நாளும் வறண்டதில்லை. உரிமையாளர் நேரில் வந்தால்தான் ஓட்டு என்ற விதிகூட நல்லதுக்குத்தான் வந்தது. வெளியூரில் இருக்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒருவன் கத்தையாக ஓட்டுப் போட்டு, தோட்டத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்றப் பார்த்தான். அதைத் தடுக்கத்தான் அந்த விதி. கூட்டத்தில் எழுந்து நின்று அதற்காக வாதாடியவர்களில் விசில் டீச்சரும் ஒருத்தி. அவளால்தான் அந்த மரம் இன்றும் நிற்கிறது. அதன் நிழலுக்குத்தான் அவளால் போக முடியவில்லை.

நடுவில் நானே ஒரு பலகையைப் படியில் சாய்த்துப் பார்த்தேன். மறுநாளே காவலாளி அதை எடுத்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு எங்கள் கதவோரம் சாய்த்துவைத்துவிட்டுப் போனார். யாராவது வழுக்கி விழுந்தால் சங்கம் பொறுப்பாகிவிடுமாம். சரிவுப்பாதைக்கு வந்த ஆட்சேபணைகளும் அப்படித்தான், ஒன்றிலும் கெட்ட எண்ணம் கிடையாது. முகப்பின் அழகு போய்விடும், பிள்ளைகள் சைக்கிளில் சறுக்கி மண்டையை உடைத்துக்கொள்ளும், மழைத்தண்ணீர் உள்ளே ஏறும், பல் டாக்டரின் கார் நிற்குமிடத்தில் ஒரு கை அளவு போய்விடும். எல்லாரும் பக்குவமாக, டீச்சர் எப்படி இருக்காங்க என்று விசாரித்துவிட்டுத்தான் ஆட்சேபித்தார்கள்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படியைத் தாண்ட வழி கேட்டு ஓட்டுப் போட, படி இறங்கி வரச் சொல்கிறீர்களே என்று கேட்க எனக்கு நாக்குவரை வந்தது. அதற்குள் என் மனைவி அலமாரியின் அடித்தட்டைக் காட்டி வெள்ளை ஷூவை எடுக்கச் சொன்னாள்.

"ஒரு தடவை தூக்கட்டும். அப்புறம் யாரும் தூக்க வேண்டியிருக்காது."

நான் மண்டியிட்டு ஷூவை மாட்டினேன். கழுத்தில் விசிலையும் போட்டுக்கொண்டாள். பார்க்க முன்னைப் போலவே இருந்தாள்.

லிஃப்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி தயாராக இருந்தது. சக்கர நாற்காலி கனம், பிடிமானம் இல்லை என்று அவர்களாகவே யோசித்துக் கொண்டுவந்திருந்தார்கள். செயலாளர், பல் டாக்டர், மேல்மாடி ஜிம்காரர், காவலாளி, ஆளுக்கு ஒரு கால். அவளை அதில் மாற்றி உட்காரவைத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கினார்கள். பூப்போலத்தான் தூக்கினார்கள், குறை சொல்ல முடியாது. ஜிம்காரர், டீச்சர் விசில் அடிங்க, மார்ச் பண்றோம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாற்காலி விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

ஹாலில் அவளைக் கண்டதும் கைதட்டல். இத்தனை நாளாகக் கண்ணில் படாதவளை ஒருத்தி கட்டிப்பிடித்துக் கண்கலங்கினாள். கூட்டம் தொடங்கியது. செயலாளர் வாக்குத் தவறாமல் எங்கள் விஷயத்தையே முதலில் எடுத்தார். அவள் பேசினாள். அழவில்லை, கெஞ்சவில்லை, மைதானத்தில் விதி சொல்கிற குரலில், தனக்கு எது வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்று சொன்னாள். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். ஆகிவிடும் போலிருக்கிறதே என்று நான் நினைத்தேன்.

அப்போது பல் டாக்டர் எழுந்தார். நல்ல மனிதர். குரல்கூடத் தழுதழுத்தது.

"இப்ப கூட்டிட்டு வந்தோமே, ஒரு நிமிஷம் ஆச்சா? படியோரச் சுவரை இடிச்சு, முகப்பைக் கெடுத்து, இதெல்லாம் எதுக்கு? டீச்சருக்கு நாங்க இருக்கோம். ஒரு விசில் அடிங்க டீச்சர், நாலு பேர் ஓடி வந்துடுவோம்."

ஹால் அப்படியே உருகிவிட்டது. இதுதான் நம்ம குடியிருப்பு என்று யாரோ சொன்னார்கள். ஜிம்காரர் எழுந்து முதல் ஆளாகத் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். செயலாளர் முறைப்படி சரிவுப்பாதைக்கு ஆதரவானவர்கள் கையைத் தூக்கும்படி கேட்டார். அவள் தூக்கினாள். அங்கங்கே சில கைகள். அவள் தலையைத் திருப்பி, மைதானத்தில் பிள்ளைகளை எண்ணுகிறவளாய், மெதுவாக எண்ணினாள். அவளைத் தூக்கிவந்த கைகள் மடியில் இருந்தன. நான் தூக்கிய கை கணக்கில் வராது.

பிறகு டீச்சருக்கு உதவிக்குழு என்று ஒரு தீர்மானம். கரகோஷத்தோடு நிறைவேறியது. எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு தட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றி கெட்டவனாக எப்படி உட்கார்ந்திருப்பது? என் கையும் தட்டியது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்தாள்.

மற்ற விஷயங்கள் முடிய வெகுநேரமானது. முடிந்ததும் நாலு பேரும் அவளைத் தூக்கிவந்து படியடியில் இறக்கினார்கள். பல் டாக்டருக்குக் கிளினிக்கிலிருந்து போன், ஒரு குழந்தைக்கு வலி தாங்கவில்லையாம். இதோ வந்துவிடுகிறேன் என்று காரில் ஏறினார். தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறக்கக் காவலாளி ஓடினார். ஹாலைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்ன செயலாளரை யாரோ கார் தகராறுக்கு மத்தியஸ்தம் செய்யக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஜிம்காரர் மட்டும் கொஞ்ச நேரம் நின்று, நாலு பேர் சேர்ந்ததும் ஒரு குரல் கொடுங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மரத்தடி பெஞ்சு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது. மேலே, ஐந்தாவது படிக்கு அப்பால், அவளுடைய சக்கர நாற்காலி எங்களைப் பார்த்தபடி காலியாக நின்றது. அதைக் கீழே கொண்டுவரலாம் என்று நான் ஏறிப்போய் ஒரு படி இறக்குவதற்குள் தோள் பிடித்துக்கொண்டது. திரும்ப ஏற்றிவைத்துவிட்டு இறங்கி வந்தேன்.

"விசில் அடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

"எவ்வளவு நேரம் இப்படியே..."

"அடிச்சா வருவாங்க" என்றாள். "அதான் வேண்டாம்."

விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அவள் கழுத்துச் சூடு அதில் இருந்தது. பிறகு இரண்டு கைகளாலும் வலது முழங்காலைப் பிடித்துத் தூக்கி, பாதத்தைச் சற்று முன்னால் வைத்தாள். அதேபோல் இடது. சிமென்ட் முடிந்து மண் தொடங்குகிற இடம் அது. வெள்ளை ஷூவின் நுனியில் கொஞ்சம் மண் ஒட்டியது. அதைத் தட்டிவிடக் குனிந்த என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.