சாப்பாட்டுக் காட்சி

படம் போட்டுக் காட்டியபோது சிவக்குமார் வாயே திறக்கவில்லை. அதுதான் படத்தை இயக்கிய கோகுல்நாத்துக்குப் பயமாக இருந்தது. மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரி வைத்திருக்கும் மனிதர். திருவிழாவில் மைக்கைப் பிடித்தால் திரும்ப வாங்க நாலு பேர் வேண்டும். பணம் போட்ட தயாரிப்பாளர், பாட்டு எங்கே ஃபைட் எங்கே என்று குதிப்பார், சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் இவன் தயாராக வந்திருந்தான். அவரோ அவனியாபுரத்து எடிட்டிங் அறையில், ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு கடைசிவரை பார்த்தார். சாப்பாட்டுக் காட்சியை மட்டும் இன்னொரு தரம் போடச் சொன்னார். பார்த்துவிட்டு எழுந்தார்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க தம்பி. சாப்புட்டுட்டே பேசுவம்."

கதை சிவக்குமாரின் தாத்தா காலத்தது. பஞ்சத்தில் நெல் கேட்டு வந்த சுனையாண்டிபட்டிக்காரர்களைத் தாத்தா களஞ்சியத்துக்குள் தள்ளிப் பூட்டினார். சித்திரை வெயில். கதவைத் திறந்தபோது மூன்று பேர் செத்துக் கிடந்தார்கள். சொந்தக்காரர்கள் பிணங்களை எடுத்துப்போக மறுத்து, அவர் வீட்டு வாசலிலேயே கிடத்தினார்கள். சிவக்குமாருக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா ஊரை அடக்கி ஆண்டார் என்பதுதான். அந்தப் பெருமையில்தான் பணம் போட்டார். மிச்சத்தைக் கோகுலுக்குச் சொன்னவன் சுனையாண்டிபட்டியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் சோணைமுத்து. "நடந்தது எதுவோ அதத்தான் காட்டுவேன்" என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கோகுல் படப்பிடிப்பைத் தொடங்கினான்.

பூட்டிய களஞ்சியத்தைக் கோகுல் காட்டவில்லை. பிணங்களைக் காட்டவில்லை. வாசலில் ஒப்பாரி கேட்கிறது. உள்ளே இலை போடுகிறார்கள். பெரியவர் உட்கார்ந்து சாப்பிடுகிறார். கொஞ்சம் மோர் கேட்கிறார். அவ்வளவுதான். இசை இல்லை, கேமரா அசையவில்லை. வெளியூர்க்காரனுக்கு அது வெறும் சாப்பாடு. ஆனால் இந்தப் பக்கத்தில் தெருவில் பிணம் கிடந்தால், எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. பச்சைப்பிள்ளைக்குப் பால் காய்ச்சுவதென்றால்கூட ஒளித்து வைத்துத்தான் காய்ச்சுவார்கள். எடிட்டர் ஜெயக்கொடி மேலூர்க்காரி. அந்தக் காட்சியை வெட்டிச் சேர்த்த அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கே கோகுலுக்குத் தெரிந்துவிட்டது, படம் தேறிவிட்டதென்று.

ஞாயிற்றுக்கிழமை சிவக்குமார் வீட்டில் வாழையிலை போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, அவருடைய மனைவி பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்.

"உப்பு ஒறப்பு சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார் சிவக்குமார்.

"அருமையா இருக்குண்ணே."

"படமும் அப்படித்தான். பொய் சொல்லக்கூடாது, பாத்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல."

படம் எடுப்பவனுக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்? பயத்தை மறந்து பூரித்துப் போனான், பாவி.

"அந்தச் சீனத் தூக்கிருங்க" என்றார் சிவக்குமார்.

"அண்ணே, அதான் படமே."

"அதுக்குப் பதிலா ஒரு ஃபைட்டு வைங்க. அவுங்க அருவா கம்போட வரட்டும். எங்க தாத்தா குதிரையில வந்து எறங்கி வெட்டட்டும். ரத்தம் எம்புட்டு வேணாலும் காட்டுங்க, செலவு நான் பாத்துக்குறேன்."

"உங்க தாத்தாவக் கொலைகாரரா காட்டச் சொல்றீங்களா?"

"வெட்டுனாருன்னா நான் மீசைய முறுக்கிக்கிட்டுப் போவேன் தம்பி. வாசல்ல பொணத்த வச்சுக்கிட்டு மோரு கேட்டாருன்னா மூஞ்சியக் கொண்டுபோயி எங்க வைக்க? சத்தமா எடுத்தா சினிமான்னு விசிலடிச்சுட்டுப் போயிருவாங்க. நீங்க சத்தமே இல்லாம எடுத்துட்டீங்க. பாக்குறவன் நம்பிருவான். தையில எம்மக கல்யாணம். இதப் பாத்த பிறகு ஒரு பய இந்த வீட்டுல கை நனைப்பானா?"

தன் படத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஆள் தமிழ்நாட்டிலேயே வேறு இருக்கமாட்டார் என்று கோகுலுக்குத் தோன்றியது. சிரிப்புகூட வந்தது.

"முடியாதுண்ணே."

சிவக்குமார் கோபப்படவில்லை. ரசம் ஊற்றச் சொல்லி மனைவிக்குக் கை காட்டினார்.

"உங்க பாப்பா ஸ்ரீவர்ஷினி பரவைப் பக்கந்தான படிக்குது? ஸ்கூல் வேன் ஓட்டுறது நம்ம நல்லகாமன்தான். நல்ல பய. கொஞ்சம் வேகமாப் போவான். மெதுவாப் போடான்னு சொல்லி வச்சிருக்கேன்."

ரசக் கரண்டி இலைக்கு மேலே அப்படியே நின்றது. அந்த அம்மாள் கோகுலின் முகத்தைப் பார்க்காமல் பிறகு ஊற்றினார். அவன் பிசைந்து சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. ஆனாலும் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வைக்கப் பயமாக இருந்தது.

சண்டையைக் குவாரியிலேயே எடுத்தார்கள். குதிரை வந்தது, டப்பா டப்பாவாகச் சிவப்புச் சாயம் வந்தது. ஜெயக்கொடி "வேற ஆளப் பாத்துக்கங்க சார்" என்று போய்விட்டாள். மகளை வேனிலிருந்து நிறுத்தினால் அதையும் சிவக்குமார் தெரிந்துகொள்வார் என்று கோகுல் நிறுத்தவில்லை. மனைவி ரம்யாஸ்ரீயிடம் காரணம் சொல்லாமல், தினமும் சாயங்காலம் வேன் சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றான். சோணைமுத்துவின் அழைப்புகளை எடுக்கவே இல்லை.

படம் வெளியான அன்று மதுரைத் தியேட்டரில் காது கிழிந்தது. குதிரை வந்ததும் காகிதம் பறந்தது. சுனையாண்டிபட்டி ஆட்கள் வேன் பிடித்து வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுந்து வெளியே வருவதைப் பார்த்ததும் கோகுல் ஓரமாக ஒதுங்கி நின்றான். சோணைமுத்து அறைந்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தான். சொல்லப்போனால் அந்த அறைக்காகத்தான் வந்திருந்தான்.

சோணைமுத்துவின் தோளில் சிவக்குமார் போர்த்திய பொன்னாடை கிடந்தது. கண் கலங்கியிருந்தது. ஓடிவந்து கோகுலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"எங்காளுக இம்புட்டு வீரமா நின்னாங்கன்னு இன்னைக்குத்தாண்ணே தெரியுது! பெருசுக வேற மாதிரில்ல சொல்லிட்டாங்க. பூட்டி வச்சாரு, பொணம் கெடக்கும்போது உக்காந்து சாப்புட்டாருன்னு."

"சோணை, அவுங்க சொன்னதுதான்…"

தோளில் ஒரு கை விழுந்தது. "பாப்பா வரலையா தம்பி?" என்றார் சிவக்குமார்.

"வீட்டுல இருக்காண்ணே" என்றான் கோகுல்.

"அண்ணன் தையில கல்யாணத்துக்கு எங்க ஊரையே கூப்புட்டுருக்காரு" என்றான் சோணைமுத்து. "இன்னைவரைக்கும் எங்காளுக ஒருத்தரும் அந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிச்சதில்லண்ணே. சண்டையில வெட்டுனது ஆம்பளைக்கு ஆம்பளை நடந்தது, அந்த வீட்டுல சாப்புடலாம்னு இப்ப எல்லாரும் சொல்லிட்டாங்க. மொதப் பந்தி எங்களுக்குத்தான். நீங்கதான் சேத்து வச்சீங்க. நீங்களும் எங்ககூட உக்காரணும்."

சிவக்குமார் தோளிலிருந்து கையை எடுக்காமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

"வாரேன்" என்றான் கோகுல்நாத்.